மாமா மறுத்த இரண்டாவது முழுக்கு

அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகத்தில் முக்குளிக்கும் வேலைக்கு மனுப் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. சிராங்கூன் சாலையில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியே அம்மாவின் சத்தத்தில் அதிர்ந்தது. “கப்பலுக்கு அடியில போய்ச் சாகறதுக்கா உன்ன வளத்தேன்?” மாமாவுக்கு வேறு வழியில்லை. மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போயிருந்தது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் கப்பலேறி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடலடியிலிருந்து ஓர் இரும்பு வளையத்தை எடுத்து வருவதுதான் தேர்வு. ஞாயிறுதோறும் பொங்கோல் கடற்கரையில் மாமா பழகுவார். எண்ணுவது என் வேலை. வயிறு முட்ட மூச்சை இழுத்து, கையையும் காலையும் உதறிக்கொண்டு முங்குவார். நான் இருபது எண்ணுவதற்குள் கண் பிதுங்க மேலே வந்துவிடுவார். “என்ன மாமா, இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?” என்பேன். எனக்கு அப்போதே வாய் நீளம்.

அங்கே மீன்பிடிக் கம்பங்களில் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். அலட்டிக்கொள்ளாமல் முங்கும். தண்ணீருக்குள் சிறகடிக்காது, காலால் மட்டும் உந்தும். இறகெல்லாம் நனைந்துவிடுவதால் அமிழ்ந்திருக்கப் பாடுபடவும் வேண்டாம். மாமா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். “வீண் ஆட்டமே இல்ல, பாத்தியா? மூச்சு நெஞ்சுல மட்டுமா இருக்கு, ரத்தத்துலயும் சதையிலயும்தான் இருக்கு. ஆட ஆடத் தீந்துடும் பாப்பா” என்றார். துறைமுகத்து டாக்டர் சொன்னாராம். மேலே வந்த பறவை உடனே மறுபடி பாயாமல் சும்மா மிதந்து கிடக்கும். எனக்கு அது சுத்தச் சோம்பேறித்தனமாகப் பட்டது.

தேர்வன்று, வரவே மாட்டேன் என்ற அம்மாதான் எனக்கு முன்னால் படகுத்துறையில் நின்றார். மாமா தூக்கத்தில் புரள்வதுபோல் தண்ணீருக்குள் நழுவினார். கூட இறங்கியவர்கள் ஐம்பதுக்குள் மேலே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கையில் வளையம் இருந்தது. நான் எண்பதைத் தாண்டினேன். அம்மாவின் நகம் என் தோளில் இறங்கியது. அப்புறம் வளையம் தெரிந்தது, அதன் பின்னால் மாமாவின் தலை. “அது எங்க மாமா!” என்று துறையே அதிரக் கத்தினேன். அப்படி ஒரு பெருமை!

வளையம் எடுத்த மூவரிடமும், தேர்வு நடத்திய வெள்ளைக்காரத் துரை மலாயில் கேட்டார், இப்போதே இன்னொரு தடவை போகிறாயா என்று. மற்ற இருவரும் தொபீரென்று குதித்தார்கள். மாமா பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, “நாந்தி, துவான்” என்றார். அப்புறம் பார்க்கலாம், ஐயா.

எனக்கு மானமே போயிற்று. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. மூவரில் வேலை மாமாவுக்கு மட்டும்தான். அம்மா அழுதுகொண்டே சர்க்கரைப் பொங்கல் வைத்தார். நானோ, எங்கள் மாமா வளையம் எடுத்ததால்தான் வேலை கிடைத்தது என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். குதித்த இருவரும் வளையம் எடுத்தவர்கள்தானே, அவர்களுக்கு ஏன் இல்லை என்று யோசிக்கவே இல்லை. மூச்சு திரும்பும் முன்னே மறுபடி முங்காதவன் யார் என்று பார்க்கத் துரை வைத்த சோதனையே அந்தக் கேள்விதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.