கட்டைவிரல் மறைத்த வருஷம்

என் வீட்டுக்காரருக்கு வாயை மூடத் தெரியாது. பழைய துப்பாக்கிகளைப் பார்த்து வருஷமும் விலையும் சொல்வது அவர் பிழைப்பு. "எங்க கொள்ளுத்தாத்தாவோடது" என்று யாராவது பெருமையாக நீட்டுவார்கள். இவர் குழலைக் கழற்றி, அடியில் குத்தியிருக்கும் வருஷ முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். "அவர் செத்து இருபது வருஷம் கழிச்சுச் செஞ்சதுங்க" என்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். விற்கத்தானே போகிறோம் என்று உப்புத்தாள் போட்டுப் பளபளக்கத் தேய்த்துக் கொண்டுவருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். "பாதி விலையைத் தேய்ச்சுட்டீங்களே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

என் மாமியாரின் 'நூறு வருஷத்துக் கடிகார'த்துக்கு முப்பது வயது என்று சொல்லி, ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பெற்ற தாய்க்காகக்கூட வருஷத்தைக் கூட்டமாட்டார். தான் விலை போடும் சாமானைத் தானே வாங்கவும் மாட்டார். இந்த இரண்டு பிடிவாதமும் இல்லையென்றால் நாங்கள் கொஞ்சம் வசதியாக இருந்திருப்போம்.

அப்பா போன பிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி தம்பியிடம் இருந்தது. "நீ பொறந்த அன்னிக்கே கடைக்கு ஓடிப்போய் வாங்கினேன்டி" என்று அப்பா என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் துப்பாக்கி எனக்கு வேண்டும் என்று கேட்டேன். தம்பி கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

"உனக்காக வாங்கினதுன்னா நீயே வெச்சுக்க, அக்கா. இல்லேன்னா வித்துடலாம். மாமாவே பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அவர்தான் பொய் எழுத மாட்டாரே."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, அவர் குழலைக் கழற்றித் திருப்பினார். இருபத்தேழு வருஷம் கூடவே குப்பை கொட்டியதில் முத்திரை படிக்க எனக்கும் தெரியும். எட்டிப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் சரியாக அதன்மேல் இருந்தது.

"கையை எடுங்க."

"வெளிச்சம் பத்தல."

"எடுங்கன்னா!"

எடுத்தார். நான் பிறந்து நாலு வருஷம் கழித்துச் செய்த துப்பாக்கி. எனக்கு வந்தது அப்பா மேல் கோபமா, அழுகையா என்றே தெரியவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமான வருஷமே. உங்கப்பா எடுத்துக் காட்டினார்ல?"

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் போட்டு உடைப்பீங்களே, எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"அவர் அந்தக் கதையைச் சொல்றப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். சொல்ல வாய் வரல."

தம்பிக்கும் சங்கடம்தான். காகிதத்தையும் பேனாவையும் மெல்ல நகர்த்தினான். "சரி மாமா, வித்துடலாம். விலையை எழுதுங்க."

அவர் பேனாவை மூடினார்.

"வேற ஆள்கிட்ட எழுதி வாங்கிட்டு வாப்பா. நான் விலை போடக்கூடாது."

"ஏன் மாமா?"

"வாங்கப்போறது நானாச்சே."