லீக்ஸ் பாத்தியில் எழுந்த புகை

நான் எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். அதற்கு மேல் படிக்க பள்ளிக்கூட போர்டிங் என்னை விடவில்லை. இன்றைக்கு என்னுடைய ஏழு லொறிகள் நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகின்றன. என்னைத் துரத்திய அதே போர்டிங்கில் பிள்ளைகள் குளிப்பதற்குச் சுடுதண்ணீர் மண்டபம் கட்டிக் கொடுத்ததும் நான்தான். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

துரத்தியது பீடிக்காக.

மண்டபம் திறப்பதற்கு முதல்நாள் பின்னேரம் பழைய கூட்டாளிகள் இருவர் என் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். ஒருவன் உடப்புசல்லாவையில் வாப்பாவின் கடையை இன்னும் நடத்துகிறவன். மற்றவன் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் மகன். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊருக்கு அவர் அதிபர் ஐயா. எனக்கு அவன் அவன்தான்.

தேத்தண்ணீர் வருவதற்கு முன்பே பேச்சு பீடிக்கு வந்துவிட்டது. எங்கள் மூவருக்கும் பேச வேறென்ன இருக்கிறது?

"நாம ஒரு இழுப்பு இழுக்கிறதுக்குள்ள இவன் மூணு இழுத்துருவான்டா," என்று கடைக்காரன் அதிபரைக் காட்டினான்.

"எனக்குக் கணக்கு வரணும்ல," என்றான் அதிபர்.

"வாப்பா கடையிலேருந்து கட்டுக் கட்டாத் தூக்கிட்டு வந்தது நான். பேரு கெட்டது இவனுக்கு," என்று என் தோளைத் தட்டினான். "பாஸானது நீ. எனக்கு என்னடா கெடச்சிச்சு?"

"இருமல் கெடச்சிச்சே," என்றேன். சொன்னதும் மூவரும் சிரித்து, மூவரும் இருமினோம். டொக்டர் சொல்லிப் பீடியை விட்டுப் பல வருடமாகிறது. இருமல் எங்களை விடவில்லை.

போர்டிங்கில் காலை ஆறு மணிக்கு மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். நாற்பது பையன்கள், வெங்காயத்தாள் மாதிரி வளர்ந்த லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே குனிந்து களை பிடுங்குவோம். வார்டன் மேலே விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நுவரெலியாக் குளிரில் அந்த நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும் புகை வரும். நாற்பது வாயிலும் புகை வந்தால், அதில் மூன்று வாயில் வருவது பீடிப்புகை என்று மேலே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? மற்றப் பையன்கள் ஒளிந்து குடிக்கக் கக்கூசுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் வார்டனின் கண்ணுக்கு முன்னாலேயே குடித்தோம். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவன் நான். எட்டாம் வகுப்புக்காரனின் மூளை!

விரலில் வாடை ஒட்டாமலிருக்கவும் வழி வைத்திருந்தோம். கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சியை நுனியில் பிளந்து, அந்தப் பிளவில் பீடியைச் செருகிப் பிடிப்போம். அப்பாமார் கவ்வாத்துக் கத்தி பிடித்த தோட்டங்களில் வளர்ந்த எனக்கும் அதிபருக்கும் குச்சி பிளக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்வாடைக்கு டர்பன்டைன் இலை. யூகலிப்டஸ் மரத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதை மென்றால் நாக்கு மரத்துப்போய், சளி மருந்து குடித்தவன் மாதிரி மணக்கும். "சளிங்கையா," என்போம். வார்டன் நம்பி எங்கள் மூன்று பேருக்கும் கொத்தமல்லித் தண்ணீர் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஒரு பள்ளித் தவணை முழுக்கக் குடித்தோம். இன்றைக்கும் கொத்தமல்லி வாசம் வந்தால் எனக்குப் பீடி ஞாபகம்தான் வருகிறது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஒரு காலையில் கவிழ்ந்தது.

அன்றைக்குப் பனி சீக்கிரம் கலைந்துவிட்டது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் கதை பேசிக்கொண்டிருந்த நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. முதுகில் வெயில் சுள்ளென்று விழுந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. நாற்பது பேரில் முப்பத்தேழு பேரின் வாயில் புகை நின்றுபோயிற்று. எங்கள் பாத்தியில் மட்டும் மூன்று புகை, ரயில் இஞ்சின் மாதிரி.

"அந்த மூணு பேரும் எழும்புங்க," என்றது விறாந்தை.

எழும்பினோம். பீடிகளைக் காலால் மண்ணுக்குள் மிதித்துவிட்டோம். மிச்சக் கட்டு லீக்ஸ் தாள்களுக்கு அடியில் ஒரு கடதாசியில் சுற்றியபடி கிடந்தது. வார்டன் இறங்கி வந்து கம்பால் தாள்களை விலக்கி, அதைக் கையில் எடுத்தார்.

"யாருது இது?"

கட்டு அதிபருடையது. நன்றாகப் படிக்கிற அவனுடைய பெட்டியை யாரும் சோதிக்கமாட்டார்கள் என்பதால் எப்போதும் அவன்தான் வைத்திருப்பான்.

"சொல்லாட்டி மூணு பேரும் இன்னைக்கே வீட்டுக்கு."

அவனுக்குப் பெரிய பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது. அவர்கள் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளிலிருந்து அந்தப் பரீட்சை எழுதப்போகும் முதல் பிள்ளை அவன். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலை அதே களத்தில் அவனுக்கும் ஒரு மண்வெட்டி கொடுப்பார்கள். அவ்வளவுதான் அவன் படிப்பு. கடைக்காரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். அதிபர் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் நான் திறந்துவிட்டேன்.

"என்னோடதுங்கையா. இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது."

வார்டன் கட்டைப் பிரித்தார். சுற்றியிருந்தது கணக்குக் கொப்பியில் கிழித்த தாள். இரண்டு பக்கமும் எழுத்துப் போட்டுச் செய்கிற அட்சரகணிதம். வார்டன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கணக்கும் நீ செஞ்சதுதானா?"

"ஆமாங்கையா."

"எல்லாம் சரியா இருக்கே."

எட்டாம் வகுப்பில் மூன்று வருடத்தில் ஒரு கணக்காவது சரியாகச் செய்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். வார்டன் அதிபரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பெட்டியக் கட்டு," என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதர் ஆயிரம் பேரை அடித்திருப்பார். அந்த ஒரு தாளை மடித்ததற்காக அவரை நான் கும்பிடுகிறேன்.

அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். தகரப்பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்த மாதம் நான் லொறியில் கிளீனர். அங்கிருந்து ஏழு லொறிக்கு நான் எப்படி ஏறினேன் என்பதற்குத் தனிப் புத்தகமே போடலாம். அவன் பரீட்சை எழுதினான், பாஸானான், வாத்தியாரானான், அதிபரானான்.

இந்தக் கதையை அன்று பின்னேரம் நாங்கள் மறுபடி முழுதாகப் பேசிச் சிரித்து முடித்தபோது, அதிபர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மறுநாள் மேடையில் வாசிக்க எழுதிவைத்த பேச்சு. கட்டு தன்னுடையது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லப்போகிறானாம்.

"ஒனக்கென்ன பைத்தியமாடா? ஒன் மக அதே ஸ்கூல்ல டீச்சரு," என்றேன்.

"அவளுக்குச் சொல்லிட்டேன்."

"ஊருக்குச் சொல்லாத. அம்பது வருசமா 'பீடிக்கு வெரட்டப்பட்டவன் இன்னைக்கு எங்க நிக்கிறான் பாரு'ன்னு சொல்லித்தான் நான் ஏவாரம் பண்றேன். அது என்னோட சர்டிபிகேட்டு. நீ வந்து அதக் கிழிக்கப் பாக்குற."

அவன் சிரிக்கவில்லை.

"பீடியோட புடிபட்ட பசங்கள நான் எத்தன பேர அடிச்சிருக்கேன் தெரியுமா? ஒவ்வொருத்தன் கையில பெரம்பு விழுறப்பவும் நீ பெட்டியோட போனது கண்ணுல வரும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'என்னோடது'ன்னு நான் சொல்லணும்டா. சொல்லாம சாகச் சொல்றியா?"

ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தேன். லொறிக்காரர்கள், கமிஷன் கடைக்காரர்கள், பொலிஸ்காரர்கள் எல்லாரையும் வாயால் மடக்கியவன் நான்.

கடைக்காரன்தான் அதிபரைச் சமாதானம் பண்ணினான். "மச்சான், நாளைக்கு இவனோட நாள். இவன் கேக்குறான், விட்டுக் குடேன். ஒன் பேச்ச இன்னொரு நாளைக்கு வச்சுக்க."

அதிபர் தாளை மடித்து உள்ளே வைத்தான். அதன்பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தும் வயிறு நிறையாமல் எழும்பியது அன்றைக்குத்தான்.

மறுநாள் விழா ஒன்பது மணிக்கு. ஆறு மணிக்கே போகலாமென்று அதிபர் சொன்னான். மூவரும் போனோம். மரக்கறித் தோட்டம் அப்படியே இருந்தது, அதே இடத்தில் லீக்ஸ் பாத்தி. நல்ல பனி. வேலியோரத் தேயிலைச் செடியில் கடைக்காரன் ஒரு குச்சி ஒடித்து, பல்லால் நுனியைப் பிளந்து, வெறும் குச்சியை வாயில் வைத்து இழுத்தான். எனக்குக் கொடுத்தான். நானும் இழுத்து அதிபரிடம் கொடுத்தேன். அவன் வழக்கம்போல மூன்று இழுப்பு இழுத்தான். குளிரில் மூன்று கிழவர்களின் வாயிலும் புகை புகையாக வந்தது.

"யாரது? அங்க புகைக்க ஏலாது! புள்ளைங்க இருக்கிற இடம்!" என்று விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது. இப்போதைய வார்டன். பனியில் எங்களை அடையாளம் தெரியவில்லை.

பழக்கதோஷம், நான் வாயைத் திறந்துவிட்டேன். அதிபர் என் கையை அழுத்திப் பிடித்தான். ஓரடி முன்னால் போய், குச்சியைக் கையில் வைத்தபடி, பெரட்டில் நிற்கிற பையன் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"என்னோடதுங்க தம்பி! இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது!"

கடைக்காரன் சிரிக்கத் தொடங்கி, இருமலில் மாட்டி, பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். வார்டன் ஓடி வந்தார். அதிபர் ஐயாவின் கையில் ஒரு வெறும் குச்சி இருப்பதையும், அவர் கண் நிறைந்திருப்பதையும் பார்த்து, "மன்னிச்சிருங்க ஐயா, பனியில புகை மாதிரி தெரிஞ்சிச்சு," என்றார்.

"இல்ல தம்பி, நீங்க கேட்டது சரி," என்றான் அதிபர்.

மேடையில் அவன் அந்தத் தாளை வெளியே எடுக்கவில்லை. என்னைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகச் சொன்னான். நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். ரிப்பன் வெட்டிக் குழாயைத் திறந்தேன். சுடுதண்ணீரிலிருந்து ஆவி எழும்பி மண்டபத்தை நிறைத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைக்காரன் என் காதருகே குனிந்தான்.

"இது யாரோடதுடா?"

"இது என்னோடது," என்றேன்.