ஒரு சிரட்டைச் சாம்பல்

நேற்று மத்தியானம் ஃபிரிட்ஜின் மேல் பெட்டியில் படிந்திருந்த ஐஸைக் கரண்டியால் சுரண்டி, ஆளுக்கொரு டம்ளரில் போட்டுத் தின்றுகொண்டிருந்தீர்களே, நீங்கள் இரண்டு பேரும். அம்மா சத்தம் போட்டாள். எனக்கோ அந்த ஐஸின் வாடை மூக்கில் ஏறியிருந்தது. ஐஸுக்கு ஏதப்பா வாடை என்பீர்கள். இருக்கிறது. ஈரத் தகரத்தை முகர்ந்த மாதிரி ஒரு வாடை. பழனிசெட்டிபட்டி வெயிலில் உட்கார்ந்திருந்தவனுக்கு மேகமலையின் ஒரு விடியற்காலை முன்னால் வந்து நின்றது. பெரியவளே, அன்றைக்கு நீ அம்மா வயிற்றில் இருந்தாய். நீ எங்கே வளரப்போகிறாய் என்பது ஒரு செடியின் கையில் இருந்தது. சிரிக்காதே, நிஜமாகத்தான்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே ஒரு எஸ்டேட்டில் தேயிலை நாற்றங்காலில் வேலை பார்த்தேன். வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் கடைசி வீடு எங்களுக்கு. உங்கள் அம்மா கோம்பைக்காரி. வாழைத் தோப்பும் வாய்க்கால் தண்ணீருமாக வளர்ந்தவள். மலைக்கு வந்த முதல் வாரம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாக உறைந்துகிடந்ததைப் பார்த்து, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகப் பார்த்தாள்.

ரோட்டுக்காக மேட்டை வெட்டினபோது வேரோடு சரிந்து கிடந்தது ஒரு காட்டுப்பூவரசு. இடுப்பு உயரம்தான் இருக்கும். முறுக்கிக்கொண்ட தண்டு, மேலே கரும்பச்சையும் அடியில் துருப்பிடித்த நிறமுமாகத் தடித்த இலைகள். மலை உச்சியில் அது கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குக் காட்டி அசத்தலாம் என்று தோளில் சுமந்து வந்து வாசலில் நட்டேன்.

அவள் அசரவில்லை. அப்போது அவளுக்கு ஆறாவது மாசம்.

“இது பிழைக்குமாக்கும்?” என்றாள்.

“காட்டுச் செடி. இந்தக் குளிருக்குன்னே பொறந்தது.”

“அது இருந்த எடத்துல நல்லாத்தான் இருந்துருக்கும். நானுந்தான் கோம்பையில நல்லா இருந்தேன். ரெண்டு பேரையும் புடுங்கிட்டு வந்துட்டீக.”

பேச்சு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அதன்பிறகு அவள் முகம் மாறிவிட்டது. வளைகாப்புக்கு அவள் அய்யா, உங்கள் தாத்தா, வந்து கூட்டிப்போவார், பிரசவம் கோம்பையில்தான், அது வழக்கம். ஆனால் பிள்ளையோடு திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அவள் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“வேரு புடுங்குன செடி இந்தப் பனியத் தாங்குச்சுன்னா, பச்சப்புள்ளையும் தாங்கும்னு நம்பி வாறேன். செத்துச்சுன்னா நீங்க கீழ வந்துரணும். அய்யா தோப்பப் பாத்துக்கிரலாம்.”

தோப்பைப் பார்த்துக்கொள்வது என்றால் வீட்டோடு மாப்பிள்ளை. மாமா நல்லவர்தான். ஆனால் நான்கு பேர் முன்னால் “நம்ம மாப்ள நம்ம சோறுதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய நல்லவர். இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் செடியைப் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். பொழுது சாய்ந்ததும் சாக்கைப் போர்த்துவேன். பக்கத்து வீட்டுச் சேச்சி மூணாறுப் பக்கத்துக்காரி. “பொண்டாட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தரல்ல, செடிக்கு கோட்டு தைக்கிறான்” என்று கிண்டல் செய்வாள். நான் கேட்டும் கேட்காதவன் போல நழுவிவிடுவேன்.

ஒரு சாயங்காலம் செடியின் தூரில் சாம்பல் கிடந்தது. அடுப்புச் சாம்பல், ஒரு சிரட்டை அளவு.

நாற்றங்காலில் முதல் நாளே சொல்லித்தான் வேலைக்கு வைத்தார்கள், தேயிலைக்குச் சாம்பலும் சுண்ணாம்பும் ஆகாது என்று. புளிப்பு மண்ணில் வளர்கிற ஜாதி. காட்டுப்பூவரசும் அப்படித்தான். சாம்பல் போடப் போட இலை மஞ்சளாகிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இதை அவளிடமும் சொல்லியிருந்தேனா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. கேட்க வாய் வரவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கரண்டியை எடுத்து, மேல்மண்ணோடு சாம்பலை அள்ளிப் பள்ளத்தில் கொட்டினேன்.

மறுநாளும் சாம்பல் கிடந்தது. அள்ளினேன். அதற்கு மறுநாளும். அவள் போடுவதும் நான் அள்ளுவதுமாக வாரங்கள் போயின. ஒரே தட்டில் சாப்பிட்ட நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். இரண்டு இலைகள் மஞ்சளடித்து உதிர்ந்தன.

வளைகாப்பு அன்று விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. காற்றில் சாக்கு பறந்துபோய் வேலியில் விறைத்துக் கிடந்தது. செடியைப் பார்த்தேன். இலை அத்தனையும் பீடி மாதிரி சுருண்டு, காம்போடு தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டால் சில்லென்று விறைப்பாக இருந்தன. எல்லாம் போச்சு என்று நின்றேன். பின்னால் காலடிச் சத்தம். அவள், கையில் சிரட்டையோடு.

“இன்னுமா போடப்போற? அதான் கொன்னுட்டியே!” என்று கத்திவிட்டேன்.

“நானா?”

“சாம்பல் போட்டா இது செத்துப்போகும்னு ஒனக்குத் தெரியாது?”

அவள் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரட்டை கையிலிருந்து விழுந்தது.

“எங்க ஊருல வாழைக்கும் சாம்பல், முருங்கைக்கும் சாம்பல், பூசணிக்கும் சாம்பல். எல்லாம் அதுலதான் தழையும். இது பிழைக்கட்டும்னுதானே தெனமும் குனிய முடியாமக் குனிஞ்சு போட்டேன். காத்து அள்ளிட்டுப் போகுது போலன்னு திரும்பத் திரும்பப் போட்டேன். கொல்லணும்னா ஒரு சொம்பு வெந்நி பத்தாதா?”

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. செடி பிழைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள் என்றால், அவள் திரும்பி வரத்தான் நினைத்திருக்கிறாள். அது தெரிந்த நேரத்தில் செடி சுருண்டு கிடக்கிறது.

மாமா ஜீப்பில் வந்து இறங்கினார். “என்ன ஆத்தா, கண்ணு வீங்கிருக்கு?” என்றார். “பனி, அய்யா” என்றாள். வளையல் அடுக்கினார்கள், சந்தனம் பூசினார்கள், சேச்சி பாட்டுக்கூடப் பாடினாள். நான் புளிச்சோற்றை இலையோடு மடித்துவிட்டேன். “வெயிலு சாயுமுன்ன எறங்கிரணும். கெளம்பு ஆத்தா. மாப்ள, நீங்களும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க” என்றார் மாமா. அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். செடிப்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

“ஏங்க.”

திரும்பினேன். இரண்டு கையும் வளையலாக, வாசலில் நின்றிருந்தாள். வெயில் மேட்டைத் தாண்டி செடிமேல் விழுந்திருந்தது. தொங்கிய இலைகள் பாதி நிமிர்ந்துவிட்டன. சுருள் பிரிந்து, ஒவ்வொன்றாகக் கையை விரிக்கிற மாதிரி. குளிருக்கு அது அப்படித்தான் ஒடுங்கிக்கொள்ளுமாம், வெயில் பட்டால் விரியுமாம். எங்களுக்கு அது தெரியாது.

“செடியவா இம்புட்டு நேரம் பாக்குறீக ரெண்டு பேரும்?” என்றார் மாமா.

அவள் ஜீப்பில் ஏறி, என்னைப் பார்த்து, “ஸ்வெட்டர் வாங்கி வைங்க. சின்னதா” என்றாள்.

பெரியவளே, அந்த ஸ்வெட்டரைத்தான் நீ போட்டாய், பிறகு சின்னவன் போட்டான். செடி உன் தலை உயரத்தைத் தாண்டிப் பூத்தது. சிவப்பு உதிர்ந்து வாசலெல்லாம் கிடக்கும். நீ பொறுக்கிப் பொறுக்கி வாயில் வைப்பாய், அம்மா விரலை விட்டு எடுப்பாள். உன் பள்ளிக்கூடத்துக்காகத்தான் கீழே வந்தோம்.

போன மாசம் நானும் அம்மாவும் மேலே போயிருந்தோம். லயன் வீடுகள் இல்லை. சுற்றுலா வண்டிகள் நிற்பதற்குத் தரை போட்டிருக்கிறார்கள். அம்மா கடைசி வீடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, இரண்டு கார்களுக்கு நடுவில் நின்று தரையையே பார்த்தாள். டீக்கடைக்காரனிடம், “இங்கன ஒரு செவப்புப் பூச்செடி நின்னுச்சே, தம்பி?” என்று கேட்டாள். “நான் வரும்போதே இப்படித்தான்க்கா” என்றான் அவன்.

பஸ் மலை இறங்கியது. சின்னமனூர் நெருங்கும்போது, “நான் போட்ட சாம்பலுக்கே சாகாத செடி” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். கேஸ் அடுப்பு. நீல நிறத்தில் எரிந்தது, அணைத்தாள், தேய்த்துத் துடைத்தாள். நம் வீட்டில் இப்போது ஒரு பிடி சாம்பல்கூட மிஞ்சுவதில்லை.