கூட்டல் அக்காவின் ஐந்து மணி பத்து நிமிடம்

எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை கூட்டல் அக்காவுடையது. அந்தப் பெயரை வைத்தது நான்தான்; முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கடலோர நகரத்துக்குப் பறக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், எழுநூற்றைம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் என்று சொல்லி நான் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவேன். அக்கா அப்படி விடமாட்டாள். டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் கூட்ட ஆரம்பித்துவிடுவாள்.

“இங்கேருந்து ஏர்போர்ட் ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும். பறக்கிறது ஒன்னேகால். பெட்டி எடுத்து வெளிய வர அரை மணி. ஊருக்குள்ள போக இருபத்தஞ்சு நிமிஷம். ஆக அஞ்சு மணி பத்து நிமிஷம்.”

இதைக் கேட்டு இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நீங்க டிக்கெட் விக்கிறீங்களா, வர்றவங்கள விரட்டுறீங்களாம்மா?”

“எனக்குப் பொய் வராது சார்.”

அது உண்மைதான். என் புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். அப்புறம் அதை நான் போடவே இல்லை.

அக்காவின் ஒரே மகள் அந்தக் கடலோர நகரத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை பிறக்கும்போது அம்மா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாள். அக்காவும் வாக்குக் கொடுத்து, குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். குழந்தை அந்தக் கணக்கை மதிக்கவில்லை. பதினாறு நாள் முன்னதாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மகளே கூப்பிட்டாள்.

“வலி வந்துடுச்சும்மா. ஆஸ்பத்திரியில இருக்கோம். நீ வர எவ்வளவு நேரமாகும்?”

அக்கா பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

“ஒன்னேகால் மணி நேரம்தான்டி கண்ணு. இதோ வந்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே புறப்படும் டிக்கெட்டை நான்தான் போட்டேன். முதலாளி தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். அன்று நான் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் அக்கா திரும்பி வந்து சொன்னது. பெட்டி இல்லாததால் மிச்சமான நேரத்தை வழி நெரிசல் தின்றுவிட, மூன்று பத்துக்கு ஆஸ்பத்திரிப் படியேறினாளாம். எதிரே வந்த நர்ஸ் சிரித்தாளாம்.

“அம்மா மூணு பத்துக்கு வந்துடுவாங்கன்னு காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருக்காங்க உங்க பொண்ணு. சீக்கிரம் வாங்க.”

நாலு மணிக்குப் பேத்தி பிறந்தாள். அதுவரை மகள் பிடித்த கையை விடவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் அக்கா கேட்டாள்.

“நான் ஒன்னேகால்னுதானேடி சொன்னேன்?”

“நீ கூட்டாம சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சும்மா, என்னைவிட உனக்குத்தான் பயம்னு. அதான் நானே கூட்டிக்கிட்டேன்.”