வில்லி வீட்டு அக்கா

எங்கள் தெருவுக்கு வழி கேட்டால் யாரும் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வளைவுப்படி வீடு இருக்குல்ல, அங்க வந்துடுங்க" என்பார்கள். வெளிப்புறமாகவே மாடிக்குச் சுற்றி ஏறும் படிக்கட்டு அது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் எவனுக்கும் அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்த வீடு போலீஸ் அதிகாரி வீடாக இருந்திருக்கிறது, டாக்டர் வீடாக இருந்திருக்கிறது, ஒரு படத்தில் பேய்கூடக் குடியிருந்தது. உண்மையில் அங்கே குடியிருப்பவர் பள்ளிச் சீருடை தைக்கும் ஓர் அக்கா.

அக்காவின் கணவர், மகன் சின்னவனாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்குப் பேச்சு குறைவு. கோபம் வந்தால் தையல் மெஷினை வேகமாக மிதிப்பார், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரனான எனக்கு அந்தச் சத்தத்தை வைத்தே அவர் மனசு தெரிந்துவிடும்.

பிறகு சீரியல் வந்தது. அதில் இந்த வீடுதான் மாமியார் வீடு. அந்த மாமியார் காபியில் எதையோ கலப்பாள், நகையை ஒளித்துவைத்துப் பழி போடுவாள், மருமகளைப் படியிலிருந்து தள்ளிவிடுவாள். அவள் படுத்துகிற பாட்டைப் பார்த்து ஊரே பல்லைக் கடித்தது. அக்கா மட்டும் ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. ஷூட்டிங் நடக்கும்போது பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு காலர் தைப்பார். டிவியில் ஓடும் நேரத்தில் பட்டன் வைப்பார்.

எனக்கு எரிச்சல் மூட்டியது அவர்களுடைய 'கன்டின்யுட்டி'. இன்று திரையில் நாற்காலி எங்கே இருந்ததோ, அடுத்த மாதமும் அங்கேயே இருக்க வேண்டும். திரைச்சீலையைத் துவைப்பதற்குக்கூட ஷூட்டிங் மேனேஜரைக் கேட்க வேண்டும். ஒருமுறை அக்கா வாடிப்போன செடி ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அதே மாதிரி வாடிய செடியைத் தேடி அந்த மேனேஜர் தெருத்தெருவாக அலைந்தார்.

"உங்க வீட்டுல நீங்களே விருந்தாளி மாதிரி இருக்கீங்கக்கா" என்றேன்.

"அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

நஷ்டம் பின்னாலேயே வந்தது. மகனுக்குத் தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் இஷ்டம்தான். ஆனால் அம்மா சரி என்று சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று உறுதியாக இருந்தாள். அந்த அம்மா ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவர். பையனின் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டியவர், வீட்டின் போட்டோவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டாராம். "பையன் தங்கம். ஆனா அந்த வீட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மகன் இதை வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அன்று அக்கா மெஷினை மிதித்த மிதியில் அது உடையாமல் இருந்ததே பெரிது.

"அவங்கள ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லு. பாத்துட்டும் வேணாம்னா விட்டுடலாம்" என்றார் மகனிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வந்துடுப்பா. எனக்குப் பேச வராது" என்றார்.

ஷூட்டிங் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு வீடு அத்துப்படியாக இருந்தது. அக்கா கை காட்டுவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்து திரும்பினார். காபி வந்தது. அதைத் தொடவில்லை.

"சர்க்கரை கம்மியா இருக்கா?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டார்.

"இல்ல, அப்புறமா குடிக்கறேன். இவங்க ரெண்டு பேரும் எந்த ரூம்ல இருப்பாங்க?"

மாடி அறைக்குக் கூட்டிப்போனோம். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கதவின் வெளிப்பக்கத்தில் கனமான ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. சீரியலில் மருமகளை அடைத்துவைக்கும் கதை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக ஷூட்டிங் ஆட்கள் பொருத்திவிட்டுப் போனது.

நான் முந்திக்கொண்டேன். "அது சும்மா ஷூட்டிங்குக்காக வெச்சதும்மா. சீரியல்ல வர்றதெல்லாம் நிஜமா என்ன?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சீரியல் எது, நிஜம் எதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" தாழ்ப்பாளை இழுத்தார், தள்ளினார். "எங்க மாமியார் வீட்டுல டிவியே கிடையாது. ஆனா இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இவ வயித்துல இருந்தப்பகூட, சாயங்காலம் ஆனா வெளிய இருந்து போட்டுடுவாங்க."

பெண் தன் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இது அவளுக்கும் புதுச் செய்தி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா கீழே போய், மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தார்.

"அக்கா, நாளைக்கு ஷூட்டிங் இருக்கு. மேனேஜர் குதிப்பாரு" என்றேன்.

"குதிக்கட்டும்."

"குடும்மா, நான் கழட்டறேன்" என்று மகன் கை நீட்டினான்.

"நகரு" என்றார்.

கடைசி ஸ்க்ரூ இறுகிக்கொண்டு வர மறுத்தது. அந்த அம்மா முன்னால் வந்து, தாழ்ப்பாள் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா முழு பலத்தையும் கொடுத்துத் திருகினார். தாழ்ப்பாள் கழன்று அந்த அம்மாவின் கையிலேயே வந்தது. எடை பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கதவில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"இத அடச்சு பெயின்ட் அடிச்சிடுங்க. பாக்க நல்லா இல்ல."

கீழே வந்து, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். "கல்யாணத்த எப்ப வெச்சுக்கலாம்?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். மறைப்பானேன்.

மறுநாள் மேனேஜர் மாடிக்குப் போன வேகத்திலேயே இறங்கி வந்தார். "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? மருமக இன்னும் நாலு எபிசோட் உள்ளதான் இருக்கணும். தாழ்ப்பாள் இல்லாம எப்படி அடச்சு வெக்கறது?"

அக்கா தைப்பதை நிறுத்தவில்லை.

"வெளிய விட்டுடுங்க தம்பி" என்றார்.

வேறு வழியில்லாமல் அந்த வாரமே விட்டுவிட்டார்கள்.