இரண்டு விரல் மண்

பயம் எனக்கு வயிற்றில்தான் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு வயிறு கலங்கிவிடும், உடனே பாத்ரூமைத் தேடி ஓட வேண்டும். போன பேஸ்பால் சீசனின் முதல் மூன்று வாரம் ஸ்டேடியத்தில் என்னைத் தேடி வந்தவர்கள் பாதி நேரம் அந்தக் கதவுக்கு வெளியேதான் காத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மண்வேலைக்காரன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். துபாயில் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் தங்கிக்கொண்டு பதினாறு வருடம் கிரிக்கெட் மைதானங்களில் பிட்ச் போட்டிருக்கிறேன். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தால் அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எத்தனை தரம் ரோலர் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பீற்றலும் உண்டுதான். அந்த மண்டைக்கனத்தில்தான் எல்லாமே நடந்தது.

துபாயில் ஒரு கிரிக்கெட் மைதானத்தை மாற்றி பேஸ்பால் லீக் நடத்தப்போகிறார்கள், மண் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது நான் போனதற்கு ஒரே காரணம்தான். அந்தக் கம்பெனி ஃபேமிலி விசா கொடுத்தது. பதினாறு வருடத்துக்குப் பிறகு மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய ஃப்ளாட்டில் ஒற்றை அறை. மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். காலையில் அவள் யூனிஃபார்மில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது நமக்குத்தானா என்று இருக்கும். ஆனால் வேலையில் எனக்கு ஆறு மாதம் ப்ரொபேஷன். பிடிக்கவில்லை என்றால் கலாஸ், கதை முடிந்தது, மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பேஸ்பாலில் பந்து எறிகிறவரை பிட்சர் என்பார்கள். அவர் ஓடி வந்து போடமாட்டார். களிமண்ணால் கட்டிய ஒரு மேட்டின் உச்சியில் நின்று, ஒரே எட்டாக முன்னால் பாய்ந்து, சரிவில் காலை ஊன்றி எறிவார். அந்தச் சரிவு அடிக்கு ஓர் அங்குலம் இறங்க வேண்டும். ஆட்டம் நடக்கும் பெரிய மேடு மைதானத்தின் நடுவில் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம், ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்கள் கையைச் சூடு பண்ணிக்கொள்ள அணிக்கு ஒரு சின்ன மேடு. பெரிய மேட்டை வெளிநாட்டு நிபுணர் ஒருவர் லேசர் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டார். எதிரணியின் சின்ன மேட்டை ஒரு நேபாளியிடம் கொடுத்தார்கள். எங்கள் அணியின் சின்ன மேடு என் பொறுப்பு.

நிபுணர் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பலகை கொடுத்திருந்தார். சரிவான பலகை, மேலே ரசமட்டம் பதித்தது. தினமும் மேட்டின் மேல் வைத்துப் பார், நீர்க்குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்றார். நேபாளி தினமும் வைத்துப் பார்த்தான். நான் என் பலகையை ஸ்டோர் ரூம் ஆணியில் மாட்டினேன். நேற்று வேலைக்கு வந்தவனுக்குத்தானே பலகை வேண்டும் என்று அவனிடம் ஹிந்தியில் கிண்டல் வேறு.

பிட்சர் காலை ஊன்றும் இடத்தில் தினமும் பள்ளம் விழும். கிரிக்கெட்டிலும் அப்படித்தான், பந்து போடுகிறவர் கால் விழும் இடம் குழியாகும். அதை நிரப்புவதில் நான் கெட்டிக்காரன். ஈர மண்ணைப் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, கடைசியில் ஒரு நூல் அளவு கூடுதலாக விடுவோம். விடிவதற்குள் மண் அமுங்கி மட்டத்துக்கு வந்துவிடும். இங்கேயும் கை தானாக அதையே செய்தது. ஆனால் இவர்கள் கொண்டுவந்த செங்களிமண் அமுங்குகிற ஜாதி இல்லை. இடித்தால் இடித்தபடி கல் மாதிரி நிற்கும். இது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

லீக் தொடங்கியது. முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது தோல்வி, மூன்றாவதும் தோல்வி. எல்லா ஆட்டத்திலும் ஒரே கதைதான். எங்கள் பிட்சர் இறங்கியதும் முதல் இன்னிங்ஸில் பந்து உயரே உயரே போகும். பந்து வர வேண்டிய கட்டத்துக்கு வெளியே நாலு பந்து போனால் அடிக்க வந்தவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடலாம். அப்படி மூன்று பேர் நடந்து போவார்கள், நாலாவது ஆள் ஓங்கி ஒன்று விடுவார், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து அதே பிட்சர் அழகாக எறிவார். யாருக்கும் புரியவில்லை.

அதிகம் அடி வாங்கியவர் ஓர் இடதுகைக்காரர். கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். முப்பதைத் தொடப்போகிற வயது, இந்த ஆட்டத்தில் அது கிழட்டு வயது. இதுதான் கடைசி வாய்ப்பு, இங்கே யார் கண்ணிலாவது பட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். அவருக்கும் ஏழு வயதில் ஒரு மகள். காலைப் பயிற்சிக்கு முன் என் சின்ன மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து அவளோடு வீடியோவில் பேசுவார். போனை என் பக்கம் திருப்புவார், நானும் கை காட்டுவேன். உடைந்த இங்கிலீஷில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். என்னை மை ஃப்ரெண்ட் என்றுதான் கூப்பிடுவார்.

நாலாவது ஆட்டமும் தோற்ற மறுநாள் காலை அவர் கோச்சிடம் போய், பெரிய மேடு செங்குத்தாக இருக்கிறது, கால் கீழே விழுகிறது என்றார். நிபுணர் எல்லோர் முன்னாலும் லேசர் வைத்து அளந்து காட்டினார். மயிரிழை பிசகில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். கோச்சுக்கு முகம் சிவந்துவிட்டது. இடதுகைக்காரர் என் பக்கம் கையைக் காட்டி, அந்தச் சின்ன மேட்டில் எனக்குச் சரியாக வருகிறதே, அதை மாதிரி இது இல்லையே என்றார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். 

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஸ்டோரில் இருந்த பலகையை எடுத்து வந்து என் மேட்டில் வைத்தேன். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பலகையை மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, கால் ஊன்றும் இடத்தை அளந்தேன். தினம் கூடுதலாக விட்ட நூல் சேர்ந்து சேர்ந்து, இருக்க வேண்டியதைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தது. சரிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எங்கள் பிட்சர்கள் எல்லாரும் என்னுடைய சரிவு குறைந்த மேட்டில் காலைப் பழக்கிக்கொண்டு, நேரே சரியான மேட்டில் போய் நின்றிருக்கிறார்கள். மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைக்கும்போது இன்னொரு படி இருந்தால் எப்படித் திடுக்கென்று இருக்கும், அது மாதிரி. முதல் இன்னிங்ஸ் முழுக்க அவர்களுக்கு அந்தத் திடுக்தான்.

மண்ணைச் செதுக்கி எடுப்பது ஒரு மணி நேர வேலை. அன்றைக்கே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இரண்டு விரல் மண்ணை ஒரே நாளில் எடுத்தால் இடதுகைக்காரர் காலுக்குத் தெரிந்துவிடும். அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளும் இல்லை. என்ன மாறியது என்று கேட்பார், நிபுணர் வருவார், பலகை எங்கே என்பார். ரோலா அறையில் மகள் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தது கண் முன்னால் வந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. தினம் ஒரு நூல், தினம் ஒரு நூல் என்று சீவி எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்து நாளில் சரியாகிவிடும். காலும் தானாகப் பழகிக்கொள்ளும்.

அந்தப் பத்து நாளில் எங்கள் அணிக்கு இரண்டு ஆட்டம் இருந்தது. இரண்டிலும் இடதுகைக்காரர்தான் எறிய வேண்டும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஐந்தாவது ஆட்டத்தை ஸ்டாண்டுக்குக் கீழே நின்று பார்த்தேன். முதல் பந்து உயரே போனது, இரண்டாவதும் போனது. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு, வெளியில் எதையும் தின்னாதீங்கன்னா கேக்குறீங்களா என்று கடிந்துகொண்டாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவளும் பயப்படுவாள். அதைவிட, போய் உண்மையைச் சொல்லுங்க என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஆறாவது ஆட்டத்தில் இடதுகைக்காரரை முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை எங்கள் சூப்பர்வைசர் வந்தான். அவனும் நம்ம ஊர்க்காரன், என்னைவிட இளையவன்.

“அண்ணாச்சி, அவன் சோலி முடிஞ்சுது. மத்தியானம் ஃப்ளைட்டாம். மேட்டைக் குத்தம் சொன்னாம்லா, அதான் கோச்சுக்கு ரொம்பக் கடுப்பு.”

அப்போதும் நேரம் இருந்தது. கோச்சின் அறை நான் நின்ற இடத்திலிருந்து நூறு அடிகூட இருக்காது. தப்பு இடதுகைக்காரருடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல எனக்குத் தெரிந்த இங்கிலீஷே போதும். நான் நேரே பாத்ரூமுக்குப் போனேன்.

வெளியே வந்தபோது அவர் பையோடு என் சின்ன மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் பந்து இல்லாமலே ஒரு தரம் எறிகிற மாதிரி பாய்ந்து காலை ஊன்றினார். ஊன்றியவர் அப்படியே நின்று தரையைப் பார்த்தார். திரும்ப ஏறி இன்னொரு தரம் பாய்ந்தார்.  அதற்குள் நான் ஒரு விரல் மண்ணை எடுத்திருந்தேன்.

“இன்னிக்கு இது வேற மாதிரி இருக்கு, மை ஃப்ரெண்ட்,” என்றார்.  அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல, மேடு இல்ல. என் கால்தான் கெட்டுப்போச்சு. அவங்க சொன்னது சரிதான்.”

பிறகு தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்து, உன் மகளுக்கு என்றார். இந்த ஸ்டேடியத்தில் எனக்கு நல்லபடியாக இருந்த இடம் இது ஒன்றுதான் என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார். நம்பரும் வாங்கிக்கொண்டார். அவர் கார் கிளம்பியதும் மண்வெட்டியை எடுத்து மிச்ச மண்ணையும் ஒரே மூச்சில் செதுக்கி எடுத்தேன். பலகையை வைத்தேன். குமிழி நடுவில் போய் நின்றது. சொன்னேனே, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏழாவது ஆட்டத்தில் புதிதாக ஒரு பையனை இறக்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஒருவரும் சும்மா நடந்து போகவில்லை. ஜெயித்தோம். அடுத்ததிலும் ஜெயித்தோம். இடதுகைக்காரரை அனுப்பியது எவ்வளவு சரியான முடிவு என்று ஸ்டேடியமே பேசியது. சீசன் முடிந்ததும் எனக்கு ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியானது. தொப்பியை மகள் போட்டுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்பாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியாது. அதை வைத்துவிட்டுப் போ என்று ஒருநாள் காரணமில்லாமல் கத்தினேன், அழுதுவிட்டாள்.

இரண்டு மாதம் முன்பு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டாராம். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறாராம். அவர்களுக்கு ஒரு மேடு கட்ட வேண்டும், உன் மேடு மாதிரியே, அளவு அனுப்பு என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் வயிறு சரியில்லை. மூன்றாம் நாள் பலகையில் எழுதியிருந்த அளவை, ஒரு நூல் பிசகாமல், அப்படியே அனுப்பினேன். பிள்ளைகளுக்காவது சரியான மேடு இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் பதில் வந்தது. புதிதாகக் கட்டிய சிவப்பு மேட்டில் பிள்ளைகள் நிற்கிற படம். கீழே எழுதியிருந்தார்: “நீ சொன்ன அளவேதான். நானும் ஏறி எறிந்து பார்த்தேன். உன்னுடையது மாதிரி இல்லை, மை ஃப்ரெண்ட். எதையாவது எழுத மறந்துவிட்டாயா?”

இன்னும் பதில் போடவில்லை. நான் படித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.