பால் ஸ்டோரில் ஒரு ஈரத்துணி

நேற்று கரவனெல்லயில் ஒரு கடைக்காரர் கண்ணாடி துடைக்கும் மருந்துப் போத்தலைத் திறந்ததும், பிள்ளைகளே, அந்த நெடி என்னை எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோருக்கே கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் முள்ளுத்தேங்காய்ப் பனைகள்தான் நிற்கின்றன. அன்று தகரக் கூரை வெயிலில் படபடக்க, ஈரச் சிமெந்துத் தரையில் வாளிகளை வரிசையாய் வைத்து, ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அம்மா அமோனியா ஊற்றுவாள். மூடியைத் திறக்குமுன் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வாள்.

ஒருநாள் என் கை பட்டு அந்தப் பெரிய அமோனியாப் போத்தல் விழுந்து உடைந்தது. கண் எரிந்து மூச்சடைக்க, பயத்தில் நான் மேசைமேல் ஏறி நின்றேன்.

“ஏன்டா கொரங்கு மாதிரி மேல ஏறுற? அந்த நெடி மேலதான்டா போகும், கீழ படு!” என்று கத்திய அம்மா, தன் மூக்கிலிருந்த துணியை அவிழ்த்து என் முகத்தில் அழுத்தி, தரையோடு தரையாக என்னை வெளியே இழுத்து வந்தாள்.

அமோனியா ஐதரசன் சேர்ந்த வாயு, காற்றைவிட லேசானது, தண்ணீரில் சட்டெனக் கரையும் என்று உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது.

அதன்பின் சாகும்வரை அவளை இருமல் விடவில்லை. அன்று அங்கே இருந்த ஈரத்துணி ஒன்றே ஒன்றுதான். அது என் முகத்தில் இருந்தது.